வரிசையில் நின்று வந்திருக்கக் கூடாதா? அமெரிக்கக் குடியேற்றச் சண்டையின் வரலாறு

2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலீஸில் குடியேற்றத் துறையினர் நடத்திய கைதுகளையும், அவற்றை எதிர்த்துத் தெருவில் இறங்கிய கூட்டத்தையும், அந்தக் கூட்டத்தை எதிர்கொள்ள அனுப்பப்பட்ட படைகளையும் செய்திகளில் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். சட்டத்தை மீறி உள்ளே வந்தவர்களை ஒரு நாடு திருப்பி அனுப்புவதில் என்ன தவறு, மற்றவர்களைப் போல வரிசையில் நின்று முறைப்படி வந்திருக்கக் கூடாதா, இதற்கு ஏன் இவ்வளவு பெரிய எதிர்ப்பு, இதெல்லாம் டிரம்ப் வந்த பிறகு தொடங்கியதுதானே என்கிறார்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடலாம். டிரம்ப் தொடங்கியது இது அல்ல. அவர் கையில் எடுத்திருக்கும் கருவிகளில் பெரும்பாலானவை அவருக்கு முன்பே, இரு கட்சிகளும் சேர்ந்து உருவாக்கியவை. சில 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மற்ற கேள்விகளுக்கு விடை கொஞ்சம் நீளமானது. தொழிலாளர்கள் வேண்டும், ஆனால் அவர்கள் குடிமக்களாக வேண்டாம் என்ற இரட்டை மனநிலையை அமெரிக்கச் சட்டம் நூறாண்டுகளுக்கும் மேலாகச் சுமந்து வருகிறது என்பதும், கேட்பவர்கள் மனத்தில் வைத்திருக்கும் அந்த வரிசை இந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு இல்லவே இல்லை என்பதும்தான் அந்த விடையின் சாரம்.

"எங்கள் பாட்டனார் முறைப்படி வந்தார்" என்று சொல்லும் அமெரிக்கர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் அவர் வந்த காலத்தில் முறை என்பதே வேறாக இருந்தது. 1892இல் நியூயார்க் துறைமுகத்தில் திறக்கப்பட்ட எல்லிஸ் தீவு நிலையத்தின் வழியாக ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் உள்ளே வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர்கள். முதல் உலகப் போருக்கு முன்பு அவர்கள் எந்தத் தூதரகத்திலும் விசாவுக்கு விண்ணப்பித்தது கிடையாது. கப்பல் கட்டணம் இருந்தால் போதும். கரையில் மருத்துவர் கண்ணையும் நடையையும் பார்ப்பார், எழுத்தர் சில கேள்விகள் கேட்பார், சில மணி நேரத்தில் பெரும்பாலோர் நகரத்துக்குள் போய்விடுவார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுக்குத்தான் இருந்தார்கள். இன்றைய விதிகளை அன்று வைத்திருந்தால் அந்தப் பாட்டனார்களில் மிகப் பலர் உள்ளே வந்திருக்கவே முடியாது.

இந்தத் திறந்த கதவு சீனர்களுக்கு மட்டும் முன்பே சாத்தப்பட்டது. கண்டத்தின் குறுக்கே ரயில் பாதை போடுவதற்கு வேண்டியவர்களாக இருந்த சீனத் தொழிலாளர்கள், பாதை முடிந்து வேலையில்லாத் திண்டாட்டம் வந்ததும் வேண்டாதவர்கள் ஆனார்கள். 1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர்கள் வருவதைப் பத்து ஆண்டுகளுக்குத் தடை செய்தது. அந்தக் காலம் முடியும் தறுவாயில், 1892இல், கியரி சட்டம் வந்தது. இன்றைய செய்திகளைப் புரிந்துகொள்ள எந்த ஒரு பழைய சட்டத்தையாவது படிக்க வேண்டுமென்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கியரி சட்டம் தடையை மேலும் பத்து ஆண்டுகளுக்கு நீட்டித்ததோடு நிற்கவில்லை. ஏற்கெனவே நாட்டில் இருந்த ஒவ்வொரு சீனத் தொழிலாளியும் ஓராண்டுக்குள் பதிவு செய்துகொண்டு வசிப்புச் சான்றிதழ் பெற வேண்டும். சான்றிதழ் இல்லாமல் பிடிபட்டால் கைது, கடுங்காவல், நாடுகடத்தல். குறித்த காலத்தில் பதிவு செய்ய முடியாமல் போனவர், தாம் முன்பிருந்தே இங்கு வசிப்பவர் என்பதை நம்பத்தகுந்த ஒரு வெள்ளையரின் சாட்சியத்தைக் கொண்டு நிரூபிக்க வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோவில் இயங்கிய, ஆறு நிறுவனங்கள் என்று அழைக்கப்பட்ட சீனர் சங்கங்களின் கூட்டமைப்பு, யாரும் பதிவு செய்ய வேண்டாம் என்று அறிவித்தது. வழக்குச் செலவுக்காக ஆளுக்கு ஒரு டாலர் தரும்படியும் கேட்டுக்கொண்டது. நாட்டில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட சீனர்கள் இருந்தார்கள். கெடு முடிந்தபோது பதிவு செய்திருந்தவர்கள் அவர்களில் மிகச் சிறு பகுதியினர்தாம். காந்தி தென்னாப்பிரிக்காவில் ஆசியர் பதிவுச் சட்டத்தை எதிர்த்து அனுமதிச் சீட்டுகளை எரிக்க வைத்தது 1908இல். அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, ஏறக்குறைய இதே வகைச் சட்டத்துக்கு எதிராக, சலவைத் தொழிலாளர்களும் சமையல்காரர்களும் கலிஃபோர்னியாவில் ஒத்துழையாமை நடத்தியிருக்கிறார்கள் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சான்றிதழ் இல்லாத மூன்று பேர் கைதானார்கள். அவர்களில் ஒருவர், தமக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் சீனர்களே என்பதால், சீனச் சாட்சியையே கொண்டுவந்து மறுக்கப்பட்டவர். 1893 மே மாதம் ஃபோங் யூ டிங் வழக்கில் நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அரசின் பக்கம் நின்றது. தீர்ப்பின் உயிர்நாடி ஒரே வாதம்தான்: நாடுகடத்தல் என்பது தண்டனை அல்ல. தண்டனை அல்ல என்பதால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அரசியலமைப்பு தரும் ஜூரி விசாரணை முதலான பாதுகாப்புகள் அங்கே பொருந்தா.

அந்த ஒரு வாதத்தின் மீதுதான் இன்றைய அமெரிக்க நாடுகடத்தல் அமைப்பு முழுவதும் நிற்கிறது. திருட்டு வழக்கில் சிக்கிய ஏழைக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் உண்டு. முப்பது ஆண்டுகள் வாழ்ந்த ஊரைவிட்டு அனுப்பப்படும் தாய்க்கு இல்லை, ஏனென்றால் அவருடையது உரிமையியல் வகை நடவடிக்கை. குடியேற்ற நீதிபதிகள் நீதித்துறையின் கிளையைச் சேர்ந்தவர்கள் அல்லர். அவர்கள் நிர்வாகத்தின் கீழுள்ள சட்ட அமைச்சகத்தின் ஊழியர்கள். கைது ஆணைகளிலும் பெரும்பாலானவற்றில் கையெழுத்திடுவது நீதிபதி அல்ல, துறை அதிகாரியேதான்.

பதிவுச் சட்டமும் மறைந்துவிடவில்லை. 1940ஆம் ஆண்டின் சட்டம் எல்லா அயல்நாட்டவர்க்கும் பதிவைக் கட்டாயமாக்கியது. பல பத்தாண்டுகளாகப் பெரிதும் பயன்படாமல் கிடந்த அந்தக் கடமையை 2025 ஏப்ரலில் அரசு மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

1893இல் வழக்கில் தோற்ற பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பதிவு செய்யாத அத்தனை பேரையும் கப்பலேற்ற அரசிடம் பணம் இல்லை. எனவே நாடாளுமன்றம் கெடுவை ஆறு மாதம் நீட்டித்தது. சீனர்களும் வேறு வழியின்றிப் பதிவு செய்தார்கள், சான்றிதழில் புகைப்படமும் சேர்ந்தது. ஒத்துழையாமை சட்டத்தை வீழ்த்தவில்லை. ஆனால் பெருந்திரள் நாடுகடத்தல் நடக்காமல் தடுத்தது. இந்தப் பாங்கு பின்னர் பல முறை திரும்ப வரும்.

1923இல் இந்தியர்களின் முறை வந்தது. அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த் குடியுரிமை கேட்டபோது, மானிடவியல் எப்படிச் சொன்னாலும் சாதாரண மனிதர் பார்வையில் இந்தியர் வெள்ளையர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்து அது பறிக்கப்பட்டது. 1946இல்தான் இந்தியர்களுக்குக் குடியுரிமை பெறும் வழி திறந்தது, ஆண்டுக்கு 100 பேர் என்ற ஒதுக்கீட்டோடு. இன்று சிலிக்கான் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு "நாங்கள் முறைப்படி வந்தோம்" என்று சொல்லும் நம்மவர்கள் இந்த 100 என்ற எண்ணை மறந்துவிடுகிறார்கள்.

ஐரோப்பியர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது 1924இல். ஒவ்வொரு நாட்டிலிருந்தும், 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அமெரிக்காவில் இருந்த அந்நாட்டில் பிறந்தோரில் இரண்டு விழுக்காடு பேர் மட்டும் ஆண்டுதோறும் வரலாம் என்று ஜான்சன்–ரீட் சட்டம் வகுத்தது. 1920ஆம் ஆண்டுக் கணக்கு கையில் இருக்கும்போது 1890க்குப் போனதற்குக் காரணம், இத்தாலியர்களும் யூதர்களும் ஸ்லாவியர்களும் பெருந்திரளாக வந்தது அதற்குப் பிறகுதான் என்பதே. சில ஆண்டுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோரை அனுப்பிய இத்தாலிக்குக் கிடைத்த இடங்கள் 3,845. அதே ஆண்டில்தான் எல்லைக் காவல் படையும் தோன்றியது.

அந்த ஒதுக்கீட்டில் மெக்சிகோ சேரவில்லை. மேற்கு அரைக்கோளத்து நாடுகளுக்கு எண்ணிக்கை வரம்பு வைக்க வேண்டாம் என்று தென்மேற்கின் பண்ணை முதலாளிகள் வாதாடிப் பெற்றார்கள். அறுவடைக்கு ஆள் வேண்டும், அறுவடை முடிந்ததும் அவர்கள் திரும்பிப் போய்விட வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். அப்படியே ஐந்து ஆண்டுகள் ஓடின. 1929இல், முறையான நுழைவாயில் வழியாக வராமல் எல்லையைக் கடப்பதை முதன்முறையாகக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த மனமில்லை, ஆனால் வருபவர்களை எந்த நேரமும் வெளியேற்றும் பிடி கையில் இருக்க வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் பொருள்.

பொருளாதாரப் பெருமந்தம் வந்ததும் அந்தப் பிடி பயன்பட்டது. 1931 பிப்ரவரி 26 அன்று லாஸ் ஏஞ்சலீஸின் பழைய நகரச் சதுக்கமான லா பிளசிட்டாவின் வழிகளை அடைத்து, அங்கே உட்கார்ந்திருந்த ஏறத்தாழ 400 பேரை அதிகாரிகள் வளைத்து விசாரித்தார்கள். சிக்கியவர்களின் எண்ணிக்கையைவிட அதனால் பரவிய அச்சமே அவர்களுக்கு வேண்டியிருந்தது. அந்தப் பத்தாண்டில் மிரட்டலாலும் நிவாரணத்தை நிறுத்தியும் ரயிலேற்றியும் மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டவர்கள் சில லட்சம் முதல் பத்து லட்சத்துக்கும் மேல் வரை இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். அவர்களில் மிகப் பலர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். கலிஃபோர்னியா சட்டமன்றம் இதற்கு முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2005இல்.

போர் வந்ததும் ஆள் பற்றாக்குறை, எனவே கதவு மீண்டும் திறந்தது. 1942 முதல் 1964 வரை நடந்த பிரசெரோ திட்டத்தில், இரு அரசுகளின் ஒப்பந்தப்படி, ஏறத்தாழ 46 லட்சம் வேலை ஒப்பந்தங்களில் மெக்சிகோத் தொழிலாளர்கள் வந்து போனார்கள். அதற்கு இணையாக ஒப்பந்தம் இல்லாமலும் ஆட்கள் வந்தார்கள், ஏனென்றால் முதலாளிக்கு அதுவே மலிவு. 1952ஆம் ஆண்டின் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. ஆவணமற்றவருக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றம், ஆனால் அவரை வேலைக்கு வைத்துக்கொள்வது அடைக்கலம் ஆகாது என்றது அது. டெக்சாஸ் பண்ணையார்களுக்காகச் சேர்க்கப்பட்டதால் அதற்கு டெக்சாஸ் விலக்கு என்றே பெயர். வந்தவன் குற்றவாளி, வேலை கொடுத்தவன் குற்றமற்றவன் என்று இவ்வளவு வெளிப்படையாக எழுதிய சட்டத்தை வேறெங்கும் காண்பது அரிது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1954இல், ஐசன்ஹோவர் அரசு ஓய்வுபெற்ற படைத் தளபதி ஒருவரைக் குடியேற்றத் துறைக்குத் தலைவராக்கிப் பெரும் விரட்டலை நடத்தியது. மெக்சிகோக்காரர்களை இழிவுபடுத்தும் ஒரு வசைச்சொல்லையே அந்த நடவடிக்கைக்குப் பெயராக வைத்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டதாக அரசு சொன்ன கணக்கை ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. 2015இல் வேட்பாளர் டிரம்ப் விவாத மேடையில் முன்மாதிரியாகப் புகழ்ந்தது இதைத்தான். அந்த மேடையில் அவர் சொல்லாமல் விட்ட பாதி ஒன்று உண்டு. ஒரு கை விரட்டியபோது மறு கை ஒப்பந்தங்களைப் பெருக்கிக்கொண்டிருந்தது. ஐம்பதுகளின் நடுவில் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் முறைப்படியே வந்தார்கள். எல்லையில் கைதுகள் குறைந்ததற்கு விரட்டல் எவ்வளவு காரணமோ அவ்வளவு இதுவும் காரணம்.

இனி வருவதுதான் முக்கியமான திருப்பம். அது நல்லெண்ணத்தால் விளைந்தது என்பதே அதன் வேடிக்கை. கறுப்பினத்தவரின் சம உரிமை இயக்கத்தின் அலையில், இனவாத ஒதுக்கீட்டை ஒழித்த ஹார்ட்–செல்லர் சட்டத்தை 1965 அக்டோபர் 3 அன்று அதிபர் ஜான்சன் சுதந்திர தேவி சிலையின் அடியில் அமர்ந்து கையெழுத்திட்டார். ஆசியாவுக்கு வாசல் திறந்தது அந்தச் சட்டம். அமெரிக்காவில் இன்று இருக்கும் தமிழர்களில் ஏறத்தாழ எல்லாருமே அதன் பயனாளிகள். ஆனால் எல்லா நாடுகளையும் சமமாக நடத்துவது என்ற பெயரில், மேற்கு அரைக்கோளத்துக்கு முதன்முறையாக எண்ணிக்கை வரம்பு விதிக்கப்பட்டது: ஆண்டுக்கு 1,20,000. 1976இல் நாட்டுக்கு 20,000 என்ற உச்சவரம்பும் அங்கே வந்தது. பிரசெரோ திட்டமோ 1964 இறுதியில் முடிந்துவிட்டது. ஆக, பன்னிரண்டே ஆண்டுகளில், லட்சக்கணக்கானோர் முறையாக வந்து போய்க்கொண்டிருந்த பக்கத்து நாட்டுக்கும் கடல் கடந்த ஒரு சிறு நாட்டுக்கும் ஒரே அளவு இடம் என்றாயிற்று. தோட்டங்கள் அங்கேயே இருந்தன, வேலை இருந்தது, அண்ணன் போன வழியில் தம்பி போகும் பழக்கமும் இருந்தது. தாள் மட்டும் இல்லாமல் போயிற்று. நேற்றுவரை ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர் இன்று சட்டவிரோதக் குடியேறி ஆனது இப்படித்தான்.

இதைச் சரிசெய்ய ஒரு பெரிய முயற்சி நடந்தது. 1986 நவம்பரில் ரேகன் கையெழுத்திட்ட சட்டம் ஏறத்தாழ 27 லட்சம் பேருக்குச் சட்டபூர்வ வசிப்புரிமை தந்தது. பதிலுக்கு, ஆவணமற்றவர்களைத் தெரிந்தே வேலைக்கு வைப்பது முதன்முறையாக முதலாளிக்குக் குற்றமானது. முதல் பாதி நிறைவேறியது. இரண்டாம் பாதி காகிதத்தில் கிடந்தது. போலி அட்டையைக் காட்டினால் முதலாளி நம்பிவிட்டதாகச் சொல்லித் தப்பலாம், ஏனென்றால் "தெரிந்தே" என்ற சொல் அவரைக் காத்தது. கண்டிப்பு வேண்டும் என்று பேசுபவர்களின் கோபத்தை வெறும் இனவெறுப்பு என்று தள்ளிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. "மன்னிப்பைக் கொடுத்தோம், அமலாக்கம் வரவில்லை, மறுபடி ஏமாற மாட்டோம்" என்று அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. தொழிற்சங்கங்களே நெடுங்காலம் அந்தப் பக்கம்தான் இருந்தன. பண்ணைத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ், வேலைநிறுத்தத்தை முறிக்க எல்லை தாண்டி ஆள் கொண்டுவரப்படுவதைக் கடுமையாக எதிர்த்தவர். அமெரிக்கத் தொழிற்சங்கங்களின் மையக் கூட்டமைப்பு தன் நிலையை மாற்றிக்கொண்டு ஆவணமற்றவர்களுக்குப் பொதுமன்னிப்பு கேட்டது 2000இல்தான்.

இடையில் கலிஃபோர்னியா கொதித்தது. 1994இல் ஆளுநர் பீட் வில்சன் ஆதரித்த, மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்ட 187ஆம் முன்மொழிவு, ஆவணமற்றவர்களுக்கு அரசுப் பள்ளியையும் அவசரமல்லாத மருத்துவத்தையும் மறுத்தது; ஆசிரியர்களும் மருத்துவர்களும் சந்தேகத்துக்குரியவர்களைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்றது. அக்டோபர் 16 அன்று லாஸ் ஏஞ்சலீஸில் ஏறத்தாழ 70,000 பேர் ஊர்வலம் போனார்கள். அந்த ஊர்வலத்தில் அசைந்த மெக்சிகோக் கொடிகளின் படங்களை முன்மொழிவின் ஆதரவாளர்கள் தங்கள் வாதத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். மூன்று வாரம் கழித்து முன்மொழிவு 59 விழுக்காடு வாக்குகளோடு வென்றது. பின்னர் நீதிமன்றம் அதை முடக்கியது. ஆனால் தேர்தலில் தோற்ற தரப்பு வீட்டுக்குப் போய்விடவில்லை. வசிப்புரிமை பெற்றுப் பல ஆண்டுகள் சும்மா இருந்தவர்கள் லட்சக்கணக்கில் குடியுரிமைக்கு விண்ணப்பித்து வாக்காளர்கள் ஆனார்கள். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்த அலெக்ஸ் பதியா என்ற இளைஞர், அந்த முன்மொழிவைக் கண்டே அரசியலுக்கு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். 2025 ஜூன் 12 அன்று உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரின் செய்தியாளர் கூட்டத்தில் கேள்வி கேட்க முயன்று, தரையில் தள்ளிக் கைவிலங்கிடப்பட்ட செனட் உறுப்பினர் அவர்தான்.

1996இல் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம்தான் இன்றைய சிக்கலின் பூட்டு. அதற்கு முன், குடிமகனை மணந்த ஆவணமற்றவர் சற்றுச் சிரமப்பட்டாவது தம் நிலையைச் சரிசெய்துகொள்ள வழியிருந்தது. புதிய சட்டம், 180 நாட்களுக்கு மேல் அனுமதியின்றித் தங்கியவர் வெளியேறினால் மூன்று ஆண்டுகளும், ஓராண்டுக்கு மேல் தங்கியவர் வெளியேறினால் பத்து ஆண்டுகளும் திரும்பி வரக் கூடாது என்றது. எல்லை தாண்டி வந்தவர் விசா வாங்க நாட்டுக்கு வெளியே போக வேண்டும். போனால் பத்து ஆண்டு தடை. உள்ளூர்க் காவல்துறைக்குக் குடியேற்ற அதிகாரம் கொடுக்கும் ஒப்பந்தம், குடியேற்ற நீதிபதியிடமே கொண்டுபோகாமல் விரைந்து வெளியேற்றும் முறை ஆகிய இரண்டும் இந்தச் சட்டத்தில் பிறந்தவை. அதே காலத்தில் எல்லையில் வேலிகளும் காவலும் பெருகின. கடப்பது கடினமானதும், முன்பு ஆண்டுதோறும் வந்து போனவர்கள் போவதை நிறுத்திக்கொண்டார்கள். மனைவி மக்களையும் இங்கேயே வரவழைத்தார்கள். 1990இல் சுமார் 35 லட்சமாக இருந்த ஆவணமற்றோர் எண்ணிக்கை 2007இல் சுமார் 1 கோடியே 22 லட்சமானது. வெளியே வைப்பதற்காகக் கட்டிய வேலி உள்ளே இருந்தவர்களை உள்ளேயே நிறுத்திவிட்டது.

இப்போது அந்த வரிசையைப் பார்க்கலாம். உயர்கல்வி தேவைப்படாத, நீண்ட பயிற்சி வேண்டாத வேலைகளுக்கு நிரந்தர வசிப்புரிமை தர 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிய உச்ச எண்ணிக்கை, உலகம் முழுவதற்கும் சேர்த்து, ஆண்டுக்கு 10,000. கட்டடம், பண்ணை, இறைச்சிக்கூடம், உணவக அடுப்படி, முதியோர் பராமரிப்பு ஆகியவற்றில் லட்சக்கணக்கானோரை உறிஞ்சும் ஒரு பொருளாதாரத்துக்கு இவ்வளவுதான் வாசல். குடிமகனாகிவிட்ட அண்ணன் மெக்சிகோவிலிருக்கும் தம்பிக்கு விண்ணப்பித்தால் இருபது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்க வேண்டும். படித்தவர்களின் வரிசை எப்படி இருக்கிறது என்பதை நம் வீடுகளில் கேட்டாலே தெரியும். எந்த நாட்டுக்கும் ஏழு விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற விதியால், எச்-1பி விசாவில் போன இந்தியப் பொறியாளர் கிரீன் கார்டுக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருக்கிறார். கூடவே வந்த பிள்ளை 21 வயதானதும் சார்ந்தோர் தகுதியை இழக்கிறது. சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதித்தவரின் நிலையே இது.

போராட்டங்களுக்கு வருகிறேன். 2005 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய மசோதா, ஆவணமின்றி நாட்டில் இருப்பதையே பெருங்குற்றமாக்க முயன்றது. அவர்களுக்கு உதவுபவர்களும் சிக்கியிருப்பார்கள். 2006 மார்ச்சில் சிகாகோவில் தொடங்கிய ஊர்வலங்கள் மே 1 வரை நாடெங்கும் பரவின. மார்ச் 25 அன்று லாஸ் ஏஞ்சலீஸில் திரண்டவர்கள் காவல்துறைக் கணக்கின்படியே 5 லட்சம். இந்தக் கூட்டத்தைத் திரட்டியவர்கள் கட்சிக்காரர்கள் அல்லர்; காலை நேர ஸ்பானிய வானொலியில் நகைச்சுவை பேசும் அறிவிப்பாளர்கள். வெள்ளைச் சட்டை போட்டு வாருங்கள், அமெரிக்கக் கொடி கொண்டுவாருங்கள், குப்பை போடாதீர்கள் என்று அவர்கள் நாள்தோறும் சொன்னார்கள். 1994ஆம் ஆண்டுக் கொடிப் படங்களிலிருந்து கற்ற பாடம் அது. 2025இல் மெக்சிகோக் கொடியும் எரியும் காரும் சேர்ந்த படங்கள் மீண்டும் உலகைச் சுற்றியபோது, அந்தப் பாடம் தலைமுறை மாற்றத்தில் தொலைந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றியது. 2006இல் மசோதா செனட்டில் செத்தது. ஆனால் அதே ஆண்டு எல்லையில் எழுநூறு மைல் வேலிக்கான சட்டம் நிறைவேறியது. வசிப்புரிமை தரும் சட்டம் வரவே இல்லை. 2013இல் செனட் 68க்கு 32 என்று ஒரு முழுமையான சீர்திருத்தத்தை நிறைவேற்றியும், பிரதிநிதிகள் சபை அதை வாக்கெடுப்புக்கே எடுத்துக்கொள்ளவில்லை. 1893 முதல் பார்த்தால் இந்தப் போராட்டங்கள் கெட்ட சட்டங்களைத் தடுப்பதில் ஓரளவு வென்றிருக்கின்றன. நல்ல சட்டத்தைக் கொண்டுவருவதில் அநேகமாக ஒருபோதும் வென்றதில்லை.

ஊர்வலத்தைவிட ஓசையில்லாத எதிர்ப்பு ஒன்று இன்னும் வலுவாக நிற்கிறது. 1979இல் லாஸ் ஏஞ்சலீஸ் காவல்துறைத் தலைவர் டேரில் கேட்ஸ், ஒருவருடைய குடியேற்ற நிலையை அறிவதற்காக மட்டும் காவலர்கள் யாரையும் விசாரிக்கக் கூடாது என்று ஆணையிட்டார். கேட்ஸ் எந்த வகையிலும் இடதுசாரி அல்லர். கொள்ளையடிக்கப்பட்டவரும் கொலையைப் பார்த்தவரும் காவல் நிலையத்துக்கு வரப் பயந்தால் தம் வேலை நடக்காது என்பதே அவர் கணக்கு. மூன்று ஆண்டுகள் கழித்து அரிசோனாவின் டூசான் நகரத்துத் தேவாலயம் ஒன்று, எல் சால்வடாரிலும் குவாத்தமாலாவிலும் நடந்த படுகொலைகளிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு வெளிப்படையாக அடைக்கலம் அறிவித்தது. அதற்காகப் பாதிரியார்கள் உள்ளிட்டோர் 1986இல் தண்டிக்கப்பட்டார்கள். குடியேற்றத் துறைக்கு உதவ மறுப்பதால் அடைக்கல நகரங்கள் என்று இன்று திட்டப்படுபவை இந்த இரண்டு ஊற்றுகளிலிருந்தும் வந்தவை. மாநில, உள்ளூர் அதிகாரிகளைத் தன் வேலையைச் செய்யும்படி மைய அரசு கட்டாயப்படுத்த முடியாது என்று 1997இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அவற்றுக்குக் காப்பு. அது துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எதிர்த்து வலதுசாரிகள் வென்ற வழக்கு என்பது இன்னொரு வேடிக்கை.

2025இல் உண்மையில் புதிதாக இருப்பவை எவை? நாடுகடத்தல் எண்ணிக்கை அல்ல; ஒபாமா காலத்தில் 2012 நிதியாண்டில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் பேர் அனுப்பப்பட்டார்கள். படையை அனுப்பிய விதம் புதிது. ஜூன் 7 அன்று, வழக்கமாக மாநில ஆளுநரின் கீழ் இயங்கும் தேசியக் காவல்படையினர் 2,000 பேரை, கலிஃபோர்னியா ஆளுநர் நியூசமின் எதிர்ப்பையும் மீறி, டிரம்ப் தம் கட்டுப்பாட்டில் எடுத்தார். எண்ணிக்கை பின்னர் இருமடங்காகி, 700 மரைன் படை வீரர்களும் சேர்ந்தார்கள். 1992இல் அதே நகரத்தில் கலவரம் நடந்தபோது படையைக் கேட்டதே ஆளுநர்தான். ஆளுநரை மீறிக் காவல்படை இறக்கப்பட்டது அதற்கு முன் 1965இல். அலபாமாவின் செல்மாவிலிருந்து நடந்த கறுப்பினத்தவரின் வாக்குரிமைப் பேரணியைக் காக்க ஜான்சன் அதைச் செய்தார். அன்று அது போராடுபவர்களைக் காக்க வந்தது. டிரம்ப் பயன்படுத்திய சட்டப்பிரிவை அதற்கு முன் பயன்படுத்தியவர் நிக்சன், 1970இல், அஞ்சல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கடிதங்களைப் பிரிப்பதற்காக. செப்டம்பரில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர், லாஸ் ஏஞ்சலீஸில் படையினர் பயன்படுத்தப்பட்ட முறை, உள்நாட்டுக் காவல் பணியில் படையை ஈடுபடுத்தத் தடை விதிக்கும் 1878ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தார்.

கைது செய்யும் விதமும் மாறியிருக்கிறது. முந்தைய அரசுகள் எல்லையில் பிடிபட்டவர்களையும் குற்ற வழக்கில் சிக்கியவர்களையும் முதன்மையாகக் குறிவைத்தன. இப்போது கூலியாட்கள் காத்து நிற்கும் கடை வாசலும் கார் கழுவும் நிலையமும் நீதிமன்ற நடைபாதையும் கைதுக் களங்கள். இனத் தோற்றம், பேசும் மொழி, நிற்கும் இடம், செய்யும் வேலை ஆகியவற்றை மட்டும் வைத்து ஆட்களை நிறுத்தக் கூடாது என்று கீழ் நீதிமன்றம் விதித்த தடையை, 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. ஜூலை 4 அன்று கையெழுத்தான வரவுசெலவுச் சட்டம் தடுப்புக்காவல் இடங்களுக்கு மட்டும் 4,500 கோடி டாலர் ஒதுக்கியது. 1893இல் பெருந்திரள் நாடுகடத்தலைத் தடுத்தது பணப் பற்றாக்குறை என்று மேலே சொன்னேன். அந்தத் தடை இம்முறை இல்லை.

இவ்வளவு ஆண்டுகள் வாழ்ந்துவிட்டவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு அமெரிக்கச் சட்டத்திலேயே ஒரு பழைய விடை இருக்கிறது. எல்லை தாண்டுவதைக் குற்றமாக்கிய அதே 1929 மார்ச் மாதத்தில், அதே வாரத்தில், இன்னொரு சட்டமும் வந்தது. 1921 ஜூன் 3க்கு முன்பிருந்தே நாட்டில் இருப்பவர், நுழைந்ததற்கு ஆவணம் இல்லாவிட்டாலும், நன்னடத்தை உள்ளவரானால், கட்டணம் செலுத்திப் பதிவேட்டில் பெயர் சேர்த்துச் சட்டபூர்வ வசிப்பாளர் ஆகலாம் என்றது அது. அன்று அதனால் பயனடைந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். காலம் செல்லச் செல்ல அந்தத் தேதியை நாடாளுமன்றம் நகர்த்திக்கொண்டே வந்தது: முதலில் 1924க்கு, பிறகு 1940க்கு, 1965இல் 1948க்கு, 1986இல் 1972 ஜனவரி 1க்கு. பிரிவு இன்றும் நடைமுறையில் உள்ளது. தேதியை முன்னுக்குக் கொண்டுவரக் கோரும் மசோதாக்களும் அவ்வப்போது தாக்கலாகின்றன. 1986க்குப் பிறகு எந்த நாடாளுமன்றமும் அந்தத் தேதியைத் தொடவில்லை.